கதவைப் பாதி திறக்கும் மனிதர்

கேள்வி: வேலை மாற்றலாகி இந்தச் சிற்றூருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஊர்க்கடைசி வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் தனியாக இருக்கிறார். முன்பு தையல்காரர். மனைவி இறந்தபின் அவரை வெளியே பார்ப்பதே அரிது. பஸ்ஸும் இரண்டு வருடமாக வருவதில்லை. ஞாயிறுதோறும் அவருக்கு மருந்தும் சாமான்களும் வாங்கிப் போகிறேன். நாலைந்து தடவை தட்டிய பிறகு கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொள்வார், "நன்றி" என்பார், சாத்திவிடுவார். உள்ளே ரேடியோ அலறிக்கொண்டிருக்கும். "அவர் அப்படித்தான், தானாக ஒதுங்கிவிட்டார்" என்கிறார்கள் ஊரார். எனக்கும் இங்கே பேச்சுத்துணை இல்லை. அதனால்தான் வலியப் போய் நிற்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி. ஆனால் கொடுப்பதற்கு மட்டும் போகாதீர்கள், இனி அவரிடம் ஏதாவது கேட்கவும் போங்கள்.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். ஒதுங்கினார், ஒதுக்கினார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ங் போய் க் வருகிறது. உங்கள் ஊரார் தன்வினையில் பேசுகிறார்கள். பொறுப்பு முழுவதும் அவர் தலையில் ஏறிவிடுகிறது, மற்றவர்களுக்கு நிம்மதி. உண்மையில் யாரும் அவரை "வராதே" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயத்த உடைகள் வந்தன, அளவு கொடுக்க வந்தவர்கள் குறைந்தார்கள். மனைவி போனார், அந்த அம்மாவைப் பார்க்க வந்த பெண்களும் நின்றுபோனார்கள். பிறகு பஸ். பஸ் நின்றால் மருத்துவமனை மட்டும் தூரமாவதில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரப் பேச்சும் போய்விடுகிறது. அந்த அரை மணி நேரத்தை எந்த அலுவலகமும் கணக்கில் எழுதுவதில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றேன். நாலைந்து தடவை தட்ட வேண்டியிருக்கிறது, ரேடியோ அலறுகிறது. அவருக்குக் காது மந்தமாகியிருக்கலாம் என்று யாராவது யோசித்தார்களா? வயதால் வரும் செவிக்குறைவில் பெரும்பாலும் கீச்சென்ற உயர்சுருதி ஒலிகள்தான் முதலில் தேய்கின்றன. சத்தம் கேட்கும், சொல் புரியாது. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பது பெரிய அவமானம். இரண்டு முறை தப்பாகப் பதில் சொன்னவர் மூன்றாம் முறை வரமாட்டார். ஊர் அதற்கு "யாரோடும் சேரமாட்டார்" என்று பெயர் வைத்துவிடும். மறதி நோயைத் தடுப்பது பற்றி 2024இல் வந்த லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மாற்றக்கூடிய காரணிகள் என்று 14ஐச் சொல்கிறது. செவிக்குறைவும் சமூகத் தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவர் விஷயத்தில் ஒன்று மற்றொன்றைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு ஒன்று செய்து பாருங்கள். வாசலில் நிற்கும்போது வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், உள்ளிருந்து பார்ப்பவருக்கு உங்கள் முகம் வெறும் நிழல்தான், உதடு தெரியாது. கொஞ்சம் விலகி, முகத்தில் வெளிச்சம் படும்படி நில்லுங்கள். ரேடியோவைக் குறைக்கச் சொல்லுங்கள். கத்தாதீர்கள், நிதானமாகப் பேசுங்கள். பிறகு ஒரு மருத்துவரிடம் காதைக் காட்ட வழி செய்யுங்கள். சில சமயம் அடைத்திருக்கும் குறும்பிதான் காரணமாக இருக்கும்.

இனி, அவரிடம் ஏதாவது கேளுங்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். ஞாயிறுதோறும் இந்த மனிதர் வாங்கிக்கொண்டே இருக்கிறார். வாங்கும் கை எப்போதும் கீழே இருக்கும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சிற்றூரில் அது இன்னும் கூசும். பாதி திறந்த கதவு உங்கள்மேல் உள்ள வெறுப்பால் அல்ல என்றே எனக்குப் படுகிறது. உங்கள் பையின் வார் அறுந்திருந்தால் கொண்டுபோங்கள். "இதைத் தைத்துத் தர முடியுமா?" என்று கேளுங்கள். கண் எப்படி இருக்கிறதோ தெரியாது, அதனால் நுணுக்கமான வேலை வேண்டாம். கூலி கொடுங்கள், இரக்கத்துக்காகக் கூட்டிக் கொடுக்காதீர்கள். முடியாது என்றால் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 1990களில் 'ஆண்களின் கொட்டகை' என்ற ஏற்பாடு தொடங்கியது. ஓய்வு பெற்ற ஆண்கள் ஒரே கூரையின்கீழ் மர வேலை, பழுது வேலை என்று எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். ஆண்கள் முகத்துக்கு முகம் பேசுவதில்லை, தோளோடு தோள் நின்றுதான் பேசுகிறார்கள் என்பது அவர்கள் வாசகம். பெண்களும் அப்படித்தான் என்பேன், அது வேறு கதை. பிரான்சின் தபால் துறை 2017இல், தபால்காரர் முதியவர்களின் வீட்டுக்குப் போய் நலம் விசாரிக்கும் சேவையைக் கட்டணத்துக்குத் தொடங்கியது. தபால்காரர் சும்மாவே விசாரித்த காலம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் யாருமே தட்டாத கதவைவிட இது மேல்.

பஸ் விஷயத்தில் "மக்கள் அவதிப்படுகிறார்கள்" என்று மனு எழுதாதீர்கள், படிக்காமல் வைத்துவிடுவார்கள். எந்த நாள், எந்த நேரம், எங்கே போக, எத்தனை பேர் என்று எழுதி, அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாகனம் இல்லாதவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல என்பது அப்போது தெரியவரும். பதில் வரும்வரை, வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருவராக முறை போட்டுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. உடம்பு கண்ணெதிரே இளைத்தாலோ, கொடுத்த மருந்து பிரிக்காமலே கிடந்தாலோ, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தாலோ பையின் வாரோடு காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே சுகாதாரப் பணியாளரையோ மருத்துவரையோ அழைத்து வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் அவர் கதவைச் சாத்தினால், தனியே இருப்பதுதான் அவருக்குப் பிடித்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களும் உண்டு, அதை மதியுங்கள். தன்வினைக்கும் இடம் இருக்கிறது.

கடைசியாக உங்கள் கூச்சம். "எனக்கும் பேச்சுத்துணை இல்லை" என்ற வரியை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னது. அந்த ஆறாவது ஆள் எப்போதும் எழுபது வயதுக்காரராகவே இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவை இருப்பதால் உதவி போலியாகிவிடாது. அவரிடமே சொல்லுங்கள்: "எனக்கும் இங்கே அதிகம் பேரைத் தெரியாது. பத்து நிமிடம் உட்காரலாமா?" அவர் காதில் விழும்படி, முகத்தில் வெளிச்சம் பட நின்று.