மொரீஷியஸில் பெயர் சொல்லும்படியான மனிதர்கள் யார் யார்?

மொரீஷியஸ் என்றால் கடற்கரை மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. 1968-இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம், லண்டனில் படித்த மருத்துவர். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நாட்டுக்கு முதல் பதக்கம் வென்றவர் குத்துச்சண்டை வீரர் புருனோ ஜூலி. மூலிகை ஆய்வாளர் அமீனா குரீப் ஃபக்கீம் 2015-இல் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். அவர் விலகியபின் அப்பொறுப்பைக் கவனித்த பார்லென் வையாபுரி தமிழ் வம்சாவளியினர்.

ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் காயா. தீவின் செகா இசையை ஜமைக்காவின் ரெகேயோடு கலந்து 'செகே' வடிவத்தை வளர்த்த பாடகர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கிரியோல் மக்களின் வலியை அவர்கள் மொழியிலேயே பாடினார். 1999 பிப்ரவரியில் போலீஸ் காவலில் இறந்தார். அந்தச் செய்தி பரவியதும் அமைதியான அந்தத் தீவு பல நாட்கள் கலவரத்தில் கொந்தளித்தது.