ஆளில்லா இடிபாடுகளுக்குப் போகிறவர்கள் கேட்டவை

கேள்வி: சார், பழைய அறிக்கை ஒன்றில் கோட்டையின் அட்சரேகை 36°30' என்று இருக்கிறது. போன் மேப்பில் 36.30 என்று போட்டால் வெறும் வயல்தான் வருகிறது. அறிக்கை தப்பா?

பதில்: அறிக்கை சரி, போட்டதுதான் தப்பு. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 30 நிமிடம் அரை டிகிரி, ஆகவே 36.5 என்று போடுங்கள். 0.2 டிகிரிதானே என்று விட முடியாது. வடக்கு தெற்காக ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர், அதனால் 22 கிலோமீட்டர் தள்ளி நிற்பீர்கள். நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்டினால் சரியாக வரும். புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் போதும், பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

பழைய பிரெஞ்சு வரைபடம் என்றால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. தீர்க்கரேகையை பாரிஸிலிருந்து எண்ணியிருப்பார்கள். கிழக்குத் தீர்க்கரேகையாக இருந்தால் 2°20' கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வழி 8 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம். காலையில் போய் மாலையில் திரும்ப முடியுமா? தண்ணீர் எவ்வளவு?

பதில்: முடியும். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. உங்கள் கணக்கு மூன்று மணிக்குச் சற்று மேல். இது நிற்காமல் நடப்பவருக்கு. இறங்க இரண்டு மணி வையுங்கள், செங்குத்தான இறக்கத்தில் வேகம் வராது. வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை முதல் ஒரு லிட்டர், ஆக 4 லிட்டராவது வேண்டும். அதுவே முதுகில் 4 கிலோ.

எல்லா இடத்திலும் திரும்பும் வழி இறக்கம் அல்ல. பெரு நாட்டின் சோக்கெகிராவுக்கு அபூரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1,500 மீட்டர் அளவுக்கு இறங்கி, மறுகரையில் கிட்டத்தட்ட அதே அளவு ஏற வேண்டும். திரும்பும்போதும் அதே கதைதான். களைத்துப் போன காலோடு கடைசி ஏற்றம்.

கேள்வி: தேய்ந்த கல்வெட்டைப் படிக்கச் சாக்பீஸ் தேய்க்கலாமா?

பதில்: வேண்டாம். தூள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். அதைவிடப் பெரிய கேடு, நீங்கள் 'இருக்கிறது' என்று நினைத்த கோடு அடுத்தவர் கண்ணுக்கு எழுத்தாகவே தெரியும். பாசியையும் சுரண்டாதீர்கள், கல்லின் மேல்தோலும் சேர்ந்து வரும்.

வெளிச்சத்தைச் சாய்த்து விடுங்கள், அது போதும். டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் 10, 15 டிகிரி சாய்வில் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு வெட்டும் தன் நிழலை விழுத்தி எழும்பும். கேமராவை டிரைபாடில் அசையாமல் நிறுத்தி, இடம், வலம், மேல், கீழ் என நாலு பக்கமும் டார்ச்சை மாற்றி நாலு படம் எடுங்கள். இடப்பக்க ஒளியில் தெரிந்த செங்குத்துக் கோடு உண்மையான வெட்டாக இருந்தால், வலப்பக்க ஒளியிலும் வேறு நிழலோடு அதே இடத்தில் நிற்கும். வெறும் கறையாக இருந்தால் எந்த ஒளியிலும் மாறாது. பகலில் குடையால் வெயிலை மறையுங்கள். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் நிழலே செத்துப்போகும்.

கேள்வி: சாட்டிலைட் படத்தில் ஒன்றுமே தெரியவில்லையே?

பதில்: படத்தின் தேதியை மாற்றி வறட்சி மாதத்தைப் பாருங்கள். புதைந்த சுவரின் மேல் மண் மெல்லியது, அங்கே புல் முதலில் பழுக்கும். தூர்ந்த அகழியில் ஈரம் நிற்பதால் பச்சை கடைசியில் போகும். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் அருகே ஒரு பெரும் வட்டத் தடம் 2018 ஜூலை வறட்சியில் இப்படித்தான் ட்ரோன் கண்ணில் பட்டது.

கேள்வி: வானம் தெளிவாக இருந்தால் குறுகிய பாறைப் பிளவுக்குள் போகலாம் அல்லவா?

பதில்: உங்கள் தலைக்கு மேல் உள்ள வானத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வெள்ளம் மேலே எங்கோ பெய்த மழையிலிருந்து வரும், ஆகவே நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் வானிலை பாருங்கள். ஜோர்டான் நாட்டின் பெட்ராவில், சிக் என்ற குறுகிய பாறைப் பிளவில் 1963இல் திடீர் வெள்ளம் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைக் கொண்டுபோனது. சுவரில் தலைக்கு மேல் சுள்ளியும் சருகும் சிக்கியிருந்தால், முன்பு தண்ணீர் வந்த உயரம் அது. தெளிந்த ஓடை திடீரெனக் கலங்கினால் வாசலை நோக்கி ஓடாதீர்கள், பக்கத்தில் எங்கே ஏற முடியுமோ ஏறுங்கள்.

கேள்வி: சுவர் மேல் ஏறிப் படம் எடுக்கலாமா?

பதில்: கூடாது. சாந்து உதிர்ந்த சுவரில் உச்சி வரிசைக் கல்லைப் பிடித்திருப்பது அதன் எடை மட்டுமே. கீழேயும் கவனம்: துருக்கியின் டெர்மெசோஸில் நிலத்தடி நீர்த்தொட்டிகள் வாய் திறந்து கிடக்கின்றன. புதர் மூடிய இடத்தில் கோலால் தட்டிப் பார்த்த பிறகே அடி வையுங்கள்.

கேள்வி: கீழே கிடக்கும் பானை ஓடு ஒன்றே ஒன்று?

பதில்: ஒன்றும் எடுக்கக் கூடாது. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு அந்நாட்டுத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். நாணயத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.