ரோட்டுக்கு மேலே ரோடு, வாய்க்கால் மட்டும் அப்படியே

கேள்வி: எங்கள் கிராமத்தில் நன்றாகவே இருந்த சிமெண்ட் ரோட்டின் மேல் கடந்த மார்ச்சில் இன்னொரு ரோடு போட்டார்கள். பக்கத்தில் இடிந்து கிடக்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கு மூன்று வருடமாக மனு கொடுக்கிறோம். ‘ஃபண்ட் இல்லை’ என்கிறார்கள். இது ஊழலா, அலட்சியமா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: ஊழல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சம்பந்தப்பட்ட எல்லோரும் யோக்கியர்களாகவே இருந்தாலும் இதே கூத்து நடந்திருக்கும். பொருளாதாரத்தில் இதைப் பேசும் பிரிவுக்குப் பொதுத் தேர்வுக் கோட்பாடு (public choice; பரீட்சை அல்ல, பொது விஷயங்களில் முடிவெடுப்பது) என்று பெயர். இதற்காக ஜேம்ஸ் புக்கானனுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற அதே மனிதர்தான் அரசு நாற்காலியிலும் உட்கார்கிறார் என்பதுதான் அதன் தொடக்கம்.

முதலில் மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். 31-ம் தேதியோடு நிதியாண்டு முடிகிறது. பல திட்டங்களில் செலவாகாத பணம் சரண்டர் ஆகிவிடும், அதாவது திரும்பப் போய்விடும். மிச்சம் பிடித்த அதிகாரிக்கு யாரும் சால்வை போடுவதில்லை. ‘போன வருஷமே செலவாகலையே’ என்று அடுத்த ஒதுக்கீட்டில் கை வைப்பார்கள். எனவே பிப்ரவரியில் பணம் மீந்தால், எந்த வேலைக்கு எஸ்டிமேட் தயாராக இருக்கிறதோ அந்த வேலைதான் நடக்கும். ரோட்டுக்கு நீளம், அகலம், கனம் போட்டால் எஸ்டிமேட் முடிந்தது. வாய்க்காலுக்கு லெவல் பார்க்க வேண்டும், ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும், தண்ணீர் கடைசியில் யார் நிலத்தில் விழும் என்ற சண்டையையும் தீர்க்க வேண்டும். திறப்பு விழாவுக்கும் வாய்க்கால் அவ்வளவு லாயக்கில்லை!

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்க மத்திய அரசின் கொள்முதலை லீப்மன், மஹோனி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அங்கே நிதியாண்டின் கடைசி வாரத்தில் மட்டும் சராசரி வாரத்தைப் போலக் கிட்டத்தட்ட 5 மடங்கு செலவு. அந்த வாரத்தில் தொடங்கிய கணினித் திட்டங்களின் தரமும் குறைவு. மீந்த பணத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போக அனுமதி பெற்றிருந்த நீதி அமைச்சகத்தில் அந்தத் தரச் சரிவு தெரியவில்லை. ஆட்கள் அதே மாதிரிதான், விதி வேறு.

அடுத்தது நீங்கள். ரோடு வேலை கிடைத்தால் கான்ட்ராக்டருக்கு லட்சக்கணக்கில் ஆதாயம். அவர் தினமும் அலுவலகம் போவார். வாய்க்கால் நாற்றம் நாற்பது வீட்டுக்குப் பொது. ‘பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்’ என்று நாற்பது பேரும் இருந்துவிடுவார்கள். பொருளாதார அறிஞர் மான்கர் ஓல்சன் 1965-லேயே இதை விளக்கிவிட்டார். அதனால் ஊரையே திரட்டப் பார்க்காதீர்கள். நான்கு பேர் போதும், ஆனால் அதே நான்கு பேர் விடாமல் போக வேண்டும்.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். ஏப்ரலில் மனு கொடுத்தால் தூங்கும். ஊராட்சியின் அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டம் பொதுவாக அக்டோபர் 2-க்குப் பிறகு சூடுபிடிக்கும். அன்றைய கிராம சபையிலும் நவம்பர் 1 கிராம சபையிலும் வாய்க்காலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எத்தனை மீட்டர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதோடு. அப்புறம் ஜனவரிக்குள் பொறியாளரிடம் எஸ்டிமேட் போட வையுங்கள். மார்ச் அவசரத்தில் கைக்கு வரும் கோப்பு உங்களுடையதாக இருக்கட்டும்.

மார்ச்சில் போட்ட ரோட்டைப் பற்றி 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எஸ்டிமேட், எம்-புக் (வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல்களைக் கேளுங்கள். அந்தச் சட்டத்தில் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட கலவையில் சான்றளித்த சாம்பிள் வாங்கவும்கூட உரிமை உண்டு. போகும்போது கையில் ஒரு டேப் எடுத்துப்போய், புது ரோட்டால் உங்கள் வாசற்படி எத்தனை அங்குலம் தாழ்ந்துவிட்டது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.