வாடகை வீட்டில் எலித் தொல்லை: ஓட்டையை அடைக்க வேண்டியவர் யார்?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி எல்லைக்குள் முதல் மாடி வீடொன்றில் எட்டு மாதங்களாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். மூன்றாவது மாதத்திலிருந்து எலித் தொல்லை தாங்க முடியவில்லை. சமையலறைத் தொட்டியின் குழாய் சுவருக்குள் போகும் இடத்திலும் பரணுக்கு மேலேயும் ஓட்டைகள் இருக்கின்றன. வீட்டு உரிமையாளரிடம் பலமுறை தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "எலி, பூச்சித் தொல்லைகளுக்குக் குடியிருப்பவரே பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் இருப்பதை அவர் காட்டுகிறார். இதற்கிடையே வாஷிங் மெஷின் ஒயரை எலி கடித்து மெஷின் பழுதாகிவிட்டது. செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா? பதினொரு மாதம் முடியுமுன் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது என்கிறாரே, அது சரியா? போதாக்குறைக்கு, மாடிப்படியின் கீழ் நான் வைத்த எலி மருந்தால்தான் தங்கள் பூனை இறந்தது என்று கீழ்வீட்டார் போலீசில் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. மாடிப்படியின் கீழ் மிச்சமிருக்கும் மருந்தைக் கையுறை அணிந்து இன்றே அகற்றிவிடுங்கள். அதன் மேலுறையை மட்டும் எறிந்துவிட வேண்டாம். யாருக்காவது உடல்நலம் குன்றினால் உள்ளே போன நஞ்சு எது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். வழக்கென்று வந்தாலும் நீங்கள் வாங்கியது எந்த மருந்து என்பதற்கு அந்த உறையே சான்று.

விலங்கைக் கொல்வதன் மூலமோ, நஞ்சிடுவதன் மூலமோ, முடமாக்குவதன் மூலமோ செய்யப்படும் சொத்தழிப்புக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்னும் இன்றைய குற்றத் தண்டனைச் சட்டத்தின் 325ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் சொத்தழிப்பு என்னும் குற்றத்துக்கு, பிறருக்கு இழப்பு உண்டாக்கும் உள்நோக்கமாவது, இழப்பு உண்டாகக்கூடும் என்ற அறிவாவது இருந்திருக்க வேண்டும் என்று 324ஆம் பிரிவு சொல்கிறது. எலிக்கு வைத்த மருந்தைப் பூனை தின்றது, அல்லது மருந்து தின்ற எலியைப் பூனை தின்றது என்பது மட்டுமே அந்த உள்நோக்கத்தை மெய்ப்பித்துவிடாது. அப்பூனை நஞ்சால்தான் இறந்ததா என்பதும் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை இல்லாமல் உறுதியாகாது. ஆயினும், பூனை நாள்தோறும் அந்த இடத்தில்தான் படுத்துக்கிடக்கும் என்று தெரிந்தே அங்கு மருந்து வைத்திருந்தால், "அறிவு" இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதிட வழியுண்டு.

பூனையைவிட எனக்குக் கவலை தருவது அது பொதுப் படிக்கட்டு என்பதே. மனித உயிருக்கு ஆபத்து நேரும்படியோ, யாருக்கேனும் காயமோ தீங்கோ நேரக்கூடிய வகையிலோ நஞ்சைக் கவனக்குறைவாகக் கையாள்வது அதே சட்டத்தின் 286ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க தனிக் குற்றம். இதற்கு உள்நோக்கம் தேவையில்லை, யாரும் இறந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. குழந்தைகள் ஏறி இறங்கும் இடத்தில் திறந்த தட்டில் மருந்து வைப்பதை எந்த நீதிமன்றமும் இலேசாக எடுத்துக்கொள்ளாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்டிருந்த வீட்டில் உறங்கிய இரு குழந்தைகள் இறந்து பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட துயரத்தை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைப் பொதுமக்கள் தாமே வாங்கிப் பயன்படுத்த அனுமதியே இல்லை. அவற்றைப் பயன்படுத்துவது அரசு அமைப்புகளுக்கும், வல்லுநர் மேற்பார்வையில் பணிபுரியும் பூச்சி ஒழிப்பு நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியது. நீங்கள் வைத்தது அந்த மாத்திரை என்றால், இந்தப் பதிலை மேலே படிக்குமுன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

கீழ்வீட்டாரிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவிப்பதில் தவறில்லை, தெரிவிக்கவும் வேண்டும். மருந்து வைத்ததை மறுக்காதீர்கள், அதே சமயம் பூனையின் சாவுக்கு நானே காரணம் என்று எழுதியும் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் இத்தகைய புகார்கள் காவல் நிலையத்தில் பேசி முடிகின்றன. முடியாமல் போவது பெரும்பாலும் பேச்சில் எழுந்த சூட்டினால்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். எலியை யார் கொல்ல வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. "தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017" என்ற நீண்ட பெயருடைய, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், பராமரிப்புப் பணிகளை இரு தரப்புக்கும் பங்கிட்டு ஓர் அட்டவணை தருகிறது. அந்த அட்டவணையில் எலி என்று தனி வரி இல்லை. ஆகவே எலி எந்த வழியாக வந்தது என்று பார்த்து, அந்த வழியைச் சீர்செய்வது யாருடைய பங்கில் வருகிறது என்று கேட்பதே சரியான கேள்வி. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுதுகள், குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்புகள் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. கழிவுநீர்ப் பாதையைச் சுத்தம் செய்தல், கதவு, சன்னல்களின் பூட்டு, கைப்பிடி, கண்ணாடி, கொசுவலை ஆகியவற்றை மாற்றுதல் போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு.

ஒரு சுண்டெலி நுழைய ஆறு மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு பென்சிலின் பருமன், போதும். குழாய் சுவருக்குள் போகுமிடத்தில் கட்டும்போதே பூசாமல் விட்ட இடைவெளியும், பரணுக்கு மேல் சுவரும் கூரையும் சேருமிடத்தில் விட்டுப்போன விரிசலும் என் கருத்தில் கட்டமைப்பைச் சார்ந்தவை. அவற்றை அடைக்க வேண்டியவர் உரிமையாளர். கிழிந்த கொசுவலை வழியாக வந்தால், மூடாத குப்பைத் தொட்டியையும் இரவில் கழுவாமல் கிடக்கும் பாத்திரங்களையும் தேடி வந்தால், பொறுப்பு உங்களுடையது. இரண்டு வழியிலும் வந்தால், பெரும்பாலான வீடுகளில் அதுதான் உண்மை, பொறுப்பும் பங்காகும்.

ஒப்பந்தத்தில் உள்ள அந்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது செல்லாது என்று நான் சொல்லமாட்டேன். பராமரிப்பை இரு தரப்பும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பூச்சிமருந்து அடிப்பதும் பொறி வைப்பதும் குடியிருப்பவர் வேலை என்ற பொருளைத்தான் அந்த வரி தாங்கும்; சுவரில் ஓட்டையோடு வீட்டைக் கொடுத்துவிட்டு, ஓட்டையையும் நீயே அடைத்துக்கொள் என்ற பொருளை அது தாங்குமா என்பது ஐயமே. மேலும், சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் 108ஆம் பிரிவின்படி, உரிமையாளருக்குத் தெரிந்து, சாதாரணக் கவனத்துடன் பார்க்கும் குடியிருப்பவருக்குத் தெரியவராத முக்கியக் குறைகளை அவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். உங்களுக்கு முன் குடியிருந்தவர்களும் எலித் தொல்லையால்தான் காலி செய்தார்கள் என்றால், அதை அவர்களிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவேனும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தரப்பின் பெரிய பலவீனம் நீங்கள் "தொலைபேசியில் சொன்னேன்" என்று எழுதியிருப்பது. எலியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஓட்டையின் படத்தை ஏற்றலாம். இரு ஓட்டைகளையும் அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். எலிப் புழுக்கை, கடிபட்ட ஒயர், பழுது பார்த்தவரின் இரசீது எல்லாவற்றையும் தேதியுடன் சேர்த்து வையுங்கள். பிறகு உரிமையாளருக்குப் பதிவு, ஒப்புகைச் சேவைகளுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தெந்த இடத்தில் ஓட்டை, எப்போதிலிருந்து தொல்லை, எந்தத் தேதிக்குள் சரிசெய்யக் கேட்கிறீர்கள் என்ற மூன்றும் போதும். வசைச் சொற்கள் வேண்டாம். குறையை உரிமையாளருக்குத் தெரிவித்ததற்குச் சான்றாக நிற்கும் என்பதால், இக்கடிதம் உங்கள் உரிமையைக் காக்கும். அவர் ஆள் அனுப்பினால் வீட்டைத் திறந்துவிட மறுக்காதீர்கள். மறுத்தால் வழக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

கேட்டபின்னும் அவர் செய்ய மறுத்தால், அவர் பங்கிலுள்ள பழுதுகளை நீங்களே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எந்த ஒரு மாதத்திலும் கழிவு அம்மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. ஓட்டையைக் கம்பிவலையும் எஃகுப் பஞ்சும் வைத்துச் சிமென்ட் பூசி அடைத்த செலவு இதில் வரும். பொறி, மருந்து, வாஷிங் மெஷின் பழுது ஆகியவை இதில் வராது. பலர் இந்த இடத்தில் சினத்தில் முழு வாடகையையும் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு மாத வாடகை நிலுவையாகி, அதைக் கேட்டு அறிவிப்பு வந்தபின்னும் கட்டாமல் விட்டால், அதுவே உங்களை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தில் ஒரு காரணமாகிவிடும். அவர் குறைந்த தொகையை வாங்க மறுத்தால், வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான வாடகை அதிகார அமைப்பிடம் அதைச் செலுத்தும் வழி சட்டத்தில் உள்ளது.

வாஷிங் மெஷினைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிக நம்பிக்கை தர இயலவில்லை. அது தனியான இழப்பீட்டுக் கோரிக்கை. ஓட்டையை அறிந்தும் அவர் கவனக்குறைவாக விட்டதால்தான் இழப்பு நேர்ந்தது என்று நீங்கள் மெய்ப்பிக்க வேண்டும். எழுத்துமூலம் தெரிவிக்கும் முன் நேர்ந்த சேதத்துக்கு அதைச் செய்வது கடினம். ஆகவே இதைப் பேரத்தில் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்றாக வைத்துக்கொண்டு, ஓட்டையையும் அட்வான்ஸையும் உறுதியாகப் பிடித்துக்கொள்வதே விவேகம்.

பொறியைப் பற்றியும் ஒரு சொல், ஏனெனில் மருந்தை விட்டால் அடுத்து நீங்கள் கடையில் கேட்கப்போவது பெரும்பாலும் பசை அட்டையாக இருக்கும். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960இல் "விலங்கு" என்பது மனிதர் அல்லாத எந்த உயிரினத்தையும் குறிக்கும். எலியும் அதில் அடக்கம். எலியைக் கொல்வது அச்சட்டத்தில் குற்றமாகாது, தேவையற்ற துன்பம் கொடுத்துக் கொல்வதே குற்றம். அதன் முதல் குற்றத்துக்கான அபராதம் இன்றளவும் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரைதான் என்பதால் யாரும் அஞ்சுவதில்லை; ஆயினும் பசை அட்டைகளுக்கு எதிராக இந்திய விலங்குகள் நல வாரியம் 2011இலும் 2020இலும் சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. பூனை விவகாரம் நிலுவையில் இருக்கும்போது பட்டினியில் துடிக்கும் எலியோடு ஓர் அட்டையைக் கீழ்வீட்டார் படமெடுக்க வாய்ப்பளிக்க வேண்டாம். விசைப்பொறியோ கூண்டோ போதும். கூண்டில் அகப்பட்டதை அடுத்த வீட்டு வாசலில் திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் ஓட்டைகளை அடைத்துவிட்டு உள்ளே தங்கியவற்றைப் பொறிவைத்துப் பிடிப்பதுதான் வரிசை. இருபது நாளில் குட்டி போடும் உயிரை, ஓட்டையைத் திறந்துவைத்துக்கொண்டு மருந்தால் வெல்ல முடியாது.

பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைப்பதானால், பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968இன் கீழ் அவர்களுக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள். எந்த இரசாயனத்தை எங்கே வைக்கிறார்கள் என்று இரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மறுபடி வந்து பார்ப்போம் என்று உறுதியளித்துவிட்டு வராமல் போனால் அது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணமும் இல்லை.

எலி வருவது பக்கத்து மனையின் குப்பையிலிருந்தோ தெருச் சாக்கடையிலிருந்தோ என்றால், நகராட்சிச் சுகாதார அலுவலருக்கு எழுதி, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 அவருக்கு அத்தகைய கேடுகளை அகற்ற ஆணையிடும் அதிகாரம் தருகிறது.

காலி செய்வது பற்றி: பழுதுபார்க்காமல் குடியிருக்கவே முடியாத நிலையில் வீடு இருந்து, எழுத்துமூலம் கேட்டும் உரிமையாளர் மறுத்திருந்தால், பதினைந்து நாள் எழுத்துமூல அறிவிப்புடன் வெளியேறும் உரிமை சட்டத்தில் உண்டு. உங்கள் வீடு அந்த அளவுக்கு வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. இரண்டு ஓட்டைகளுக்காக ஒரு வீட்டைக் குடியிருக்கத் தகாதது என்று நீதிமன்றம் சொல்லாமல் போகலாம். சமையலறை முழுதும் புழுக்கையும், எலிக்காய்ச்சலுக்கு மருத்துவம் பார்த்த சான்றும், கடிபட்டுத் தீப்பொறி பறந்த மின்கம்பியும் இருந்தால் பார்வை மாறும். அந்த நிலை இல்லையெனில், ஒப்பந்தத்தில் முன்கூட்டிக் காலி செய்வதற்கு எத்தனை மாத அறிவிப்பு என்று எழுதியிருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு வெளியேறுவதே பாதுகாப்பு. எவ்வாறாயினும், வாடகை நிலுவையும் நீங்கள் உண்டாக்கிய சேதமும் போக மீதி அட்வான்ஸை அவர் திருப்பித் தந்தாக வேண்டும். முழுவதையும் வைத்துக்கொள்வேன் என்பது வெறும் மிரட்டல்.

உங்கள் ஒப்பந்தம் எழுத்தில் இருப்பது நல்லது, ஆனால் அது வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால், வாடகை நீதிமன்றத்தை நாடுமுன் அந்தக் குறையை எப்படிச் சரிசெய்வது என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒப்பந்த நகலைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சாவியை ஒப்படைக்கும் நாளில் அந்த இரண்டு ஓட்டைகளையும் மீண்டும் ஒருமுறை படமெடுத்து, வீட்டின் நிலையைக் குறித்த ஒரு தாளில் அவரிடம் கையொப்பம் வாங்குங்கள்; போட மறுத்தால் அன்றே அதே தாளை அவருக்கு முன்சொன்னபடி விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.