பரோசாவில் எங்கே சாப்பிடலாம், எங்கே குடிக்கலாம்? கேளுங்க, சொல்றேன்

ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுக்கு வடக்கே கௌலர்ங்கிற ஊர்ல பன்னிரண்டு வருஷமா குடியிருக்கேன். அதுல மூணு வருஷம், சனி ஞாயிறு மட்டும், பக்கத்துல திராட்சைத் தோட்டத்துக்குப் பேர் போன பரோசா பள்ளத்தாக்குல ஒரு செல்லர் டோர்ல வைன் ஊத்திக் கொடுக்கிற வேலை பார்த்தேன். செல்லர் டோர்னா வைனரியோட, அதாவது வைன் செய்யற இடத்தோட, வாசல் கடை. அங்கேயே ருசி பார்த்துட்டு, பிடிச்சா பாட்டில் வாங்கிக்கலாம். தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு பரோசா போறதுக்கு முன்னாடி என்னைக் கேட்காத ஆள் இல்லை. வந்த கேள்விகளை ஒரே இடத்துல வெச்சுப் பதில் சொல்லிடறேன்.

சிட்னியிலிருந்து: அக்கா, ஒரே ஒரு நாள்தான் இருக்கு. ஏழு வைனரி லிஸ்ட் போட்டிருக்கோம். எந்த வரிசையில போகணும்?

நாலை அடிச்சுடுங்க தம்பி. மூணே அதிகம்.

முதல்ல மத்தியானச் சாப்பாட்டுக்கு மேஜை பிடிங்க. அதுக்கு முன்னாடி ஒரு செல்லர் டோர், பின்னாடி ஒண்ணு. அவ்வளவுதான் ஒரு நாள். நாலாவது இடத்துல நாக்கு மரத்துப் போயிருக்கும், ஊத்திக் கொடுக்கிறவங்களுக்கும் உங்க முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுடும். எனக்குத் தெரியும், நான் அந்தப் பக்கம் நின்னவ.

இது நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பாடம். முதல் வருஷம் ஊர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்க ஒன்பது பேரைக் கூட்டிக்கிட்டு வைனரி வைனரியா சுத்திட்டு, ஒரு நல்ல ரெஸ்டாரன்ட் வாசல்ல 2.40க்குப் போய் நின்னேன். சமையல்கட்டு 2.30க்கே மூடியாச்சு. "அடுப்பை அணைச்சாச்சு"ன்னு அந்தப் பொண்ணு வருத்தமாத்தான் சொல்லிச்சு, ஆனா கதவு திறக்கலை. பெட்ரோல் பங்க்ல சிப்ஸ் பாக்கெட் பிரிச்சுச் சாப்பிட்டோம். பெரியப்பா இன்னைக்கும் கல்யாண வீடுகள்ல அந்தக் கதையைச் சொல்றார். இது கிராமம். சமையல்கட்டு சீக்கிரம் மூடும், திங்கள், செவ்வாய், புதன்ல பல இடம் திறக்கவே திறக்காது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுடுங்க.

பெங்களூரிலிருந்து: ஓட்டுறவங்க குடிக்கலாமா? ருசி பார்க்கிற அளவுதானே?

தெற்கு ஆஸ்திரேலியால முழு லைசென்ஸ் இருந்தா ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். கத்துக்குட்டி லைசென்ஸ், பி பிளேட் (புதுசா ஓட்ட ஆரம்பிச்சவங்களோட தற்காலிக லைசென்ஸ்) ரெண்டுக்கும் பூஜ்யம்.

"ருசி பார்க்கிற அளவு"தான் ஆளைக் கவிழ்க்கும். கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு இடத்துல 30 மில்லி வீதம் ஆறு வைன் கொடுத்தா 180 மில்லி. பரோசாவோட பேர் போன சிவப்பு வைன் ஷிராஸ்ல ஆல்கஹால் 14.5 சதவீதம் இருக்கும். அதுல சுத்த ஆல்கஹால் 20 கிராம் வரும். இங்கே 10 கிராமை ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்'னு கணக்கு வெச்சிருக்காங்க. அப்போ ஒரே இடத்துல ரெண்டு ஆச்சு. ரெண்டு இடம்னா நாலு.

அதுக்குத்தான் மேஜை மேல ஒரு பாத்திரம் வெச்சிருப்பாங்க. வெத்தலை போடுற பாட்டி இருந்த வீட்டுல வளர்ந்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம், அது படிக்கம்தான். வாயில கொஞ்ச நேரம் வெச்சிருந்து துப்பிடலாம். மரியாதைக் குறைவுன்னு யாரும் நினைக்க மாட்டாங்க, வைன் செய்யறவங்களே அப்படித்தான் ருசி பார்ப்பாங்க. இருந்தாலும் ஓட்டுறதுக்குக் குடிக்காத ஒருத்தரை வெச்சுக்கோங்க, இல்லேன்னா டிரைவரோட வேன் எடுத்துக்கோங்க. ரயில் கௌலர் வரைக்கும்தான் வரும், அதுக்கு மேல பஸ். வார இறுதில பஸ்ஸை நம்பிப் போகாதீங்க.

சிங்கப்பூரிலிருந்து: ஆஸ்திரேலியாவுல ஜெர்மன் சாப்பாடுன்னு சொல்றாங்களே, அது எப்படி?

1842ல பிரஷ்யாங்கிற ஜெர்மன் ராஜ்யத்துல சைலீசியாப் பக்கத்திலிருந்து ஜெர்மன் பேசுற லூத்தரன் கிறிஸ்தவங்க இங்கே பரோசாவுக்கு வந்து பெத்தனின்னு ஒரு கிராமம் போட்டாங்க. பிரஷ்ய ராஜா வழிபாட்டுல கை வெச்சதுதான் அவங்க கப்பலேறினதுக்குக் காரணம். வந்தவங்க விவசாயக் குடும்பங்க. பன்றி வளர்த்து, புகை போட்டு, ஊறுகாய் போட்டு, ரொட்டி சுட்டுப் பொழைச்ச ஜனங்க. அந்தச் சமையல்கட்டு இன்னும் அப்படியே இருக்கு.

டனுண்டால அபெக்ஸ் பேக்கரின்னு ஒண்ணு, 1924லேர்ந்து நடக்குது. இன்னும் விறகு அடுப்புதான். காலையில போங்க. 'ஸ்ட்ராய்சல்கூகன்'னு ஒரு கேக் கேளுங்க. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வெச்ச மாவு, மேல வெண்ணெயும் சர்க்கரையும் பிசிறின பொடி. பேர் சொல்ல வரலேன்னா 'ஜெர்மன் கேக்'னு கேட்டா போதும். அடுத்தது மெட்வர்ஸ்ட், புளிக்க வெச்சுப் புகை போட்ட சாசேஜ். ஆங்கஸ்டன்ல ஷுல்ஸ், நூரியூட்பால லிங்கே, ரெண்டு கசாப்புக் கடையும் பேர் போனது. ஒண்ணு சொல்லிடறேன், பெரும்பாலும் அதுல பன்றியும் மாடும் கலந்திருக்கும். சாப்பிடாதவங்க கேட்டுட்டு வாங்குங்க. சோயிக்கீரை போட்ட வெள்ளரி ஊறுகாய் எல்லாருக்கும் ஆகும். அது ஒரு பாட்டில் இருந்தா தயிர்சாதத்துக்குப் பிரமாதம்.

இனிப்புல 'ரோட்ட குரூட்ஸ'ன்னு ஒண்ணு. ஜெர்மனில பெர்ரிப் பழம் போட்டுச் செய்வாங்க, இங்கே கறுப்புத் திராட்சைச் சாறுல ஜவ்வரிசி போட்டுக் காய்ச்சி, ஆறவெச்சு, மேல கிரீம் ஊத்திக் கொடுப்பாங்க. அம்மா ஒரு கரண்டி வாயில வெச்சுட்டு, "ஏண்டி, இது நம்ம ஜவ்வரிசிப் பாயாசம். பால்தான் தனியா வந்திருக்கு"ன்னாங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

சென்னையிலிருந்து: நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

இல்லை, ஆனா திட்டம் வேணும். சனிக்கிழமை காலையில ஆங்கஸ்டன் பக்கத்துல பரோசா உழவர் சந்தை நடக்கும், 7.30லேர்ந்து 11.30 வரைக்கும். ரொட்டி, சீஸ், ஆலிவ், காய், பழம், ஜாம் எல்லாம் செஞ்சவங்க கையிலேயே வாங்கலாம். அதையே மத்தியானச் சாப்பாடா ஆக்கிக்கோங்க. பெரிய ரெஸ்டாரன்ட்டுல முன்கூட்டியே சொன்னா சைவத்துக்குத் தனியா செஞ்சு கொடுப்பாங்க. சொல்லாமப் போய் நின்னா உருளைக்கிழங்கும் கீரையும்தான்.

வைன்லயும் ஒரு விஷயம் இருக்கு. கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீனோட காற்றுப்பையிலேர்ந்து எடுத்த பசை இதெல்லாம் சிலர் சேர்ப்பாங்க. 'வீகன்' வைன் எதுன்னு கேளுங்க. செல்லர் டோர்ல தினமும் வர்ற கேள்விதான் அது.

அதே குடும்பத்திலிருந்து: கட்டுச்சாதம் எடுத்துட்டுப் போகலாமா?

தாராளமா. ஆனா வைனரி புல்வெளியில டிபன் கேரியரைத் திறக்காதீங்க, பல இடத்துல வெளிச் சாப்பாடு விட மாட்டாங்க. மெங்லர் குன்றுக்குப் போங்க. மொத்தப் பள்ளத்தாக்கும் காலடியில விரிஞ்சு கிடக்கும். புளியோதரைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியலை.

மெல்பர்னிலிருந்து: அப்பாவுக்கு எழுபது வயசு ஆகுது. ஏதாவது விசேஷமா செய்யணும். அவர் எப்பவாவது ஒரு பெக் போடுறவர்.

செப்பெல்ட்ஸ்ஃபீல்ட். யோசிக்கவே வேண்டாம்.

1851ல ஆரம்பிச்ச இடம். 1878ல பென்னோ செப்பெல்ட் தன்கிட்ட இருந்த நல்ல போர்ட் வைன்ல (இனிப்பான, ஆல்கஹால் தூக்கலான வைன்) ஒரு பீப்பாயை ஒதுக்கி வெச்சு, இதை நூறு வருஷம் தொடக்கூடாதுன்னார். அப்புறம் ஒரு வருஷம் விடாம பீப்பாய் வெச்சுக்கிட்டே வந்திருக்காங்க. அதனால உங்க அப்பா பொறந்த வருஷத்து டானி வைனை (பீப்பாயிலேயே வருஷக்கணக்கா ஊறின போர்ட்) நேரா பீப்பாயிலேர்ந்து எடுத்துக் கொடுப்பாங்க. தனிக் கட்டணம், முன்பதிவு கட்டாயம்.

எங்க மாமனாருக்கு இதைச் செஞ்சோம். கொடுக்கிறது கொஞ்சம்தான், ஒரு மடக்கு. வருஷா வருஷம் மரத்து வழியா ஆவியாகி ஆவியாகி, மிஞ்சினது பாகு மாதிரி ஆயிடும். கிளாஸைச் சாய்ச்சா கண்ணாடியில பழுப்பா ஒட்டிக்கிட்டு மெதுவா இறங்கிச்சு, நன்னாரி சர்பத்தைத் தண்ணி கலக்காம ஊத்தின மாதிரி. கருப்பட்டி, உலர்திராட்சை, கொஞ்சம் பழைய மரப்பெட்டி வாசனை. குடிச்சு முடிச்சுக் கால் மணி நேரம் ஆன பிறகும் வெறும் கிளாஸை மோந்து பார்த்துக்கிட்டே இருந்தார். பேச்சே இல்லை. வீட்டுல வாய் ஓயாத மனுஷன்.

போற வழியில ரெண்டு பக்கமும் பேரீச்ச மரம் வரிசையா நிக்கும். 1930கள்ல பொருளாதாரம் படுத்தப்போ வேலையாட்களை வீட்டுக்கு அனுப்ப மனசில்லாம, மரம் நடுற வேலை கொடுத்து வெச்சிருந்தாங்க. அப்ப நட்டதுதான் அது.

கோவையிலிருந்து: பரோசா வைன்ல அப்படி என்னதான் விசேஷம்? எல்லா ஊர்லயும்தானே திராட்சை இருக்கு.

கொடியோட வயசு சார். 19ஆம் நூற்றாண்டுல ஃபிலோக்சராங்கிற பூச்சி வேரைத் தின்னு ஐரோப்பாத் தோட்டங்களை அழிச்சுது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அது இதுவரைக்கும் வரலை. அதனால இங்கே சொந்த வேர்ல நிக்கிற கிழட்டுக் கொடிங்க உண்டு. லாங்மைல் வைனரியில 1843ல நட்ட ஷிராஸ் கொடி இன்னும் காய்க்குது. அடிமரம் முறுக்கிக்கிட்டு, புளியமர வேர் மாதிரி இருக்கும். இங்கே கொடிகளுக்கு வயசுப் பட்டமே வெச்சிருக்காங்க, 125 வருஷம் தாண்டினா 'மூதாதை'.

வயித்தெரிச்சல் என்னன்னா, 1980கள்ல வைன் விலை போகலைன்னு அரசாங்கமே காசு கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொல்லிச்சு. அப்ப எத்தனையோ பழைய தோட்டம் போயிடுச்சு. தப்பிச்ச கொடியில வர்ற பாட்டில்தான் இன்னைக்குப் பெரிய விலை.

மில்டூராவிலிருந்து: நாங்க கார்லயே வர்றோம். வழியில கவனிக்க வேண்டியது?

ரென்மார்க்குக்கு முன்னாடி யாம்பால சோதனைச் சாவடி இருக்கு. பழ ஈ பயத்துல பழம் எதையும் உள்ளே விட மாட்டாங்க. வாழைப்பழம், மாம்பழம், திராட்சை எல்லாத்தையும் அதுக்கு முன்னாடியே தின்னு தீர்த்துடுங்க. தோட்டத்துல வேலை செஞ்ச மண் ஒட்டின செருப்போட இங்கே கொடி வரிசைக்குள்ள இறங்கவும் கூடாது, மேல சொன்ன ஃபிலோக்சரா மண்ணோடயே ஒட்டிக்கிட்டு வந்துடும். போட்டோவுக்காக இறங்குறாங்க, பார்த்தாலே பதறும்.

வெயில் காலம்னா வாங்கின பாட்டிலைக் கார் டிக்கியில விட்டுட்டுச் சாப்பிடப் போகாதீங்க. 40 டிகிரியில வைன் வெந்துடும்.

துபாயிலிருந்து: நம்ம காரச் சாப்பாட்டுக்கு எந்த வைன் வாங்கிட்டு வரலாம்?

எல்லாரும் பெரிய ஷிராஸைத் தூக்கிட்டு வந்து மீன் குழம்போட குடிச்சுட்டு நாக்கு எரியுதுங்கிறாங்க. எரியத்தான் செய்யும். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தைக் கிளப்பி விடும். ஈடன் வேலி ரீஸ்லிங்னு ஒரு வெள்ளை வைன் வாங்குங்க. பள்ளத்தாக்குக்குக் கிழக்கே மேட்டு நிலம், குளிர் அதிகம், எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி புளிப்பு. வஞ்சிர வறுவலுக்கு அதுதான். மட்டன் சுக்கா, மிளகு தூக்கலா காரம் கம்மியான்னா ஷிராஸ் சரி. நடுவுல கிரெனாஷ்னு ஒரு சிவப்பு வைன் இருக்கு, லேசாக் குளிர வெச்சா பிரியாணிக்குப் பொருந்தும். என் ஓட்டு அதுக்குத்தான்.

ராக்ஃபோர்டுன்னு கிராண்டார்ஃப் ரோட்ல பழைய கல்லுக் கட்டடத்துல ஒரு வைனரி. பழைய கூடைச் செக்குல திராட்சை பிழியறவங்க. எண்ணெய்ச் செக்கு பார்த்து வளர்ந்தவங்களுக்கு அந்தக் கூடத்து வாசனையே பிடிக்கும்.

மதுரையிலிருந்து: நான் குடிக்கவே மாட்டேன். பிள்ளைங்க வேற. எங்களுக்கு என்ன இருக்கு?

நூரியூட்பா பக்கத்துல மேகி பியர் பண்ணைக்கடை. குளத்தங்கரையில உக்காந்து ஆமை பார்த்துக்கிட்டே சாப்பிடலாம். அங்கே வெர்ஜூஸ் வாங்குங்க. பழுக்காத திராட்சையைப் பிழிஞ்ச புளிப்புச் சாறு, போதை கிடையாது. நான் ரசத்துல புளியைக் குறைச்சுக் கடைசியில இதை ரெண்டு ஸ்பூன் விடுவேன். மாமியாருக்குத் தெரியாது.

பிள்ளைங்களை வில்லியம்ஸ்டவுன் பக்கம் 'கிசுகிசுச் சுவரு'க்குக் கூட்டிட்டுப் போங்க. 140 மீட்டர் வளைஞ்ச அணைச் சுவர். இந்த முனையில மெதுவாப் பேசினா அந்த முனையில காதுல வந்து விழும். நாங்க போனப்போ என் பொண்ணு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அப்பாகிட்ட அஞ்சு டாலர் கேட்டது எனக்கு அப்படியே கேட்டுச்சு.

கோலாலம்பூரிலிருந்து: எந்த மாசம் வரலாம் அக்கா?

பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அறுவடை, ஊரே திராட்சை நொதிக்கிற வாசனையா இருக்கும். ஒற்றைப்படை வருஷத்து ஈஸ்டர் சமயம் அறுவடைத் திருவிழா, ரூம் கிடைக்காது. எனக்குப் பிடிச்சது ஜூலை. கொடியில இலையே இருக்காது, கூட்டமும் இருக்காது. கணப்புப் பக்கத்துல மேஜை வேணும்னு போன்லயே சொல்லிடுங்க.