மகளின் இங்கிலாந்துப் பயணத்துக்காகக் காணியை ஈடு வைக்கலாமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். அரச வைத்தியசாலையில் வைத்தியராகப் பணியாற்றும் மகள், வெளிநாட்டு வைத்தியர்கள் பிரித்தானியாவில் பதிவு பெறுவதற்கான பிளாப் பரீட்சை எழுதி இங்கிலாந்து செல்ல விரும்புகிறாள். என்னிடம் 40 லட்சம் ரூபாய் நிலையான வைப்பும் ஒரு காணியும் உள்ளன. வைப்பில் பாதி மகனின் மருத்துவப் படிப்புக்கென ஒதுக்கியது. அவனோ அக்காவின் இரவுக் கடமையையும் சம்பளச் சிட்டையையும் பார்த்துவிட்டு, உயர்தரத்தில் உயிரியல் பிரிவே வேண்டாம் என்கிறான். காணியை ஈடு வைத்து மகளை அனுப்பலாமா?

பதில்: காணியை ஈடு வைக்க வேண்டாம். மகளைத் தடுக்குமாறு நான் சொல்லவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 டொலராக இருந்த பத்து லட்சம் ரூபாய், மே மாதத்தில் 2,800 டொலருக்கும் கீழே இறங்கியதையும், 2023 ஜனவரியில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 36 வீதம் வரை வரி வந்ததையும் பார்த்த இளம் வைத்தியர் வெளியேற நினைப்பது இயல்பே. ஆனால் 2025 ஏப்ரலில் அந்த வரம்பு ஒன்றரை லட்சமாக உயர்ந்துவிட்டதால், இன்றைய சிட்டையை வைத்தே கணக்குப் பாருங்கள்.

பலரும் பரீட்சைக் கட்டணத்தையும், மான்செஸ்டரில் மட்டுமே நடக்கும் இரண்டாம் பகுதிக்கான விமானச் செலவையும் கூட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான செலவு அதன் பிறகுதான் தொடங்குகிறது. சித்தியடைந்தவருக்குப் பதிவு கிடைக்கும். வேலை அதனுடன் சேர்ந்து வருவதில்லை. வைத்தியர் பயிற்சி இடங்களில் தம் நாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை என்று பிரித்தானிய அரசு 2025 ஜூலையில் அறிவித்தும் இருக்கிறது. ஆகவே வருமானமின்றிக் காத்திருக்கும் மாதங்களைத்தான் முதலில் எண்ண வேண்டும். ஈட்டு வட்டி அந்த மாதங்களிலும் ஓடும்.

மகள் வேலையை விடாமல், இங்கிருந்தபடியே ஆங்கிலத் தேர்வையும் முதற்பகுதியையும் முடிக்கட்டும். அரச ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை பெற 2022இல் சுற்றறிக்கை ஒன்று வழிசெய்தது. வைத்தியருக்கு இப்போது அது எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதைச் சுகாதார அமைச்சிடம் எழுத்தில் கேட்டறிவது அவசியம். வெளிநாட்டு உறவினர் உதவினால், அப்பணத்தை ரூபாயாக மாற்றாமல் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வையுங்கள். வைப்பில் மகளின் பங்காகப் 15 லட்சம் வரை செலவிடலாம்; அது தீர்ந்த இடத்தில் திட்டத்தை நிறுத்தி மறுபடி யோசிக்க வேண்டும் என்று இப்போதே இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

மாறாக, அவள் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் சேர்ந்து, நிபுணர் பயிற்சிக்காக அரச செலவில் வெளிநாடு செல்வதானால், திரும்பி வந்து பணியாற்றுவதாகப் பிணைமுறி எழுதிக்கொடுக்க நேரும். அதில் தொகை எவ்வளவு, பிணை நிற்பவர் யார் என்பதை வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

மகனின் 20 லட்சத்தைத் தொடாதீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கே கட்டணமில்லை என்பதால், அத்தொகை வைத்தியர் படிப்புக்கென்று கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை. விருப்பமில்லாத பிள்ளையைப் பணம் கட்டி வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் எண்ணம் உங்கள் மனதில் ஒரு மூலையில் இருந்தால், அதையும் கைவிடுங்கள். அங்கு பட்டம் பெற்றவர் இங்கு பதிவுக்கென இன்னொரு பரீட்சையில் சித்தியடைய வேண்டியிருக்கும். அவன் பாடப்பிரிவைத் தெரிவு செய்யும் வரை ஓராண்டு வைப்பாகவே புதுப்பித்து வாருங்கள்.