பெயர் சூட்டத் தயங்கிய போர்

(உலக விவகாரங்கள் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, நாளிதழ் ஒன்றின் சர்வதேசச் செய்திப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற துணை ஆசிரியர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: 2006-இல் ஈராக்கில் நடந்தது உள்நாட்டுப் போரா இல்லையா என்று அமெரிக்காவில் மாதக்கணக்கில் வாதம் நடந்ததாக எங்கள் பேராசிரியர் சொன்னார். தினமும் பிணம் விழுந்துகொண்டிருந்தபோது பெயரைப் பற்றி எதற்கு இத்தனை சண்டை?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: படைகளை அங்கேயே வைத்திருப்பதா, திரும்ப அழைத்துக்கொள்வதா என்ற கேள்வி அந்தப் பெயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் சண்டை.

2006 பிப்ரவரி 22 காலை சமாரா நகரில் அல்-அஸ்கரி பள்ளிவாசலின் தங்கக் குவிமாடத்தைக் குண்டுவைத்துத் தகர்த்தார்கள். இஸ்லாத்தின் இரு பெரும் பிரிவுகளான சன்னி, ஷியாவில், ஷியாக்கள் போற்றும் பத்தாவது, பதினோராவது இமாம்கள் அடக்கமான இடம் அது. அதற்கு முன்பும் இரு பிரிவினருக்கிடையே கொலைகள் நடந்தன. அதன் பிறகு நடந்தவற்றின் அளவே வேறு. ஒரு மாதம் முடிவதற்குள் முன்னாள் பிரதமர் அயாத் அல்லாவி பிபிசிக்குப் பேட்டி கொடுத்தார். நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது பேரை இழந்துகொண்டிருக்கிறோம், இது உள்நாட்டுப் போர் இல்லையென்றால் வேறு எது உள்நாட்டுப் போர் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்றார். இரண்டே நாளில் அதிபர் புஷ் மறுத்தார். ஈராக்கியர்கள் யோசித்துப் பார்த்து, உள்நாட்டுப் போர் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய வாதம்.

அந்த ஆண்டு முழுவதும் செய்தி நிறுவனங்கள் அனுப்பிய பாக்தாத் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவதுதான் என் வேலை. செய்தியின் மேல்பாதியில் அரசு செய்தித்தொடர்பாளர் ஒருவர் "நிலைமை கட்டுக்குள் இருக்கிறது" என்பார். கீழ்ப்பாதியில், கைகள் பின்னால் கட்டப்பட்டு, துளையிடும் கருவியால் சித்திரவதை செய்த தடங்களோடு தெருவோரம் கிடந்த உடல்களின் எண்ணிக்கை இருக்கும். நடுவில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "ஈராக் உள்நாட்டுப் போரின் விளிம்பில் நிற்கிறது." மாதங்கள் போயின, விளிம்பு மட்டும் நகரவே இல்லை.

வெள்ளை மாளிகையின் சங்கடம் புரிந்துகொள்ளக்கூடியதே. 2002 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் படைபலத்துக்கு அனுமதி கொடுத்தது சதாம் உசேனின் ஈராக்கை எதிர்கொள்ள. ஈராக்கியர் ஒருவரையொருவர் கொல்லும்போது நடுவில் போய் நிற்பதற்கு அல்ல. 2006 ஆகஸ்ட் 3 அன்று செனட்டின் ராணுவக் குழுவில், மேற்காசியாவில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் அபிசைத் சாட்சியம் அளித்தார். இவ்வளவு மோசமான மதப்பிரிவு வன்முறையைத் தான் கண்டதில்லை, தடுக்காவிட்டால் உள்நாட்டுப் போரை நோக்கிச் செல்லக்கூடும் என்றார். குழுத் தலைவர் ஜான் வார்னர் புஷ்ஷின் சொந்தக் கட்சிக்காரர். முழு அளவிலான உள்நாட்டுப் போர் என்று வந்துவிட்டால், நாடாளுமன்றம் எதற்கு அனுமதி கொடுத்தது என்பதை ஆராய வேண்டியிருக்கும் என்று அவரே சொன்னார். நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் வேறு. அதில் புஷ்ஷின் கட்சி தோற்றது. மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டின் பதவி போயிற்று.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத பாதி ஒன்று இருக்கிறது. அந்தச் சொல்லை ஆவலோடு பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் அரிச்சந்திரர்கள் அல்லர். "அது அவர்களுடைய உள்நாட்டுப் போர், நமக்கென்ன வேலை, கிளம்புவோம்" என்று சொல்ல அது மிக வசதியாக இருந்தது. 2003 மார்ச்சில் படையெடுத்தது யார், அதே ஆண்டு மே மாதம் ஈராக் ராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்து, ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்களைத் தெருவில் விட்டது யார் என்ற கேள்விகள் அந்த "உள்நாட்டு" என்ற அடைமொழிக்குள் ஓசையில்லாமல் மறைந்துவிடும். பாக்தாதிலும் இதே கதைதான். பதவியில் இருந்த பிரதமர் மாலிகி மறுத்தார். முந்தைய ஆண்டு பதவியை இழந்திருந்த அல்லாவி உரக்கச் சொன்னார். அல்லாவி சொன்னது உண்மை என்பது என் கருத்து. ஆனால் அவர் உண்மைக்காக மட்டும் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: உள்நாட்டுப் போர் என்பதற்கு அளவுகோல் ஏதாவது உண்டா? எத்தனை பேர் இறந்தால் அந்தப் பெயர்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: உண்டு, ஐயா. அரசியல் அறிஞர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோல்: ஒரு நாட்டுக்குள் அமைப்பாகத் திரண்ட தரப்புகள் மோத வேண்டும், அவற்றில் ஒன்று அரசாக இருக்க வேண்டும், இரு பக்கமும் இழப்பு இருக்க வேண்டும், மோதலில் ஆண்டுக்கு ஆயிரம் பேராவது இறந்திருக்க வேண்டும். ஈராக்கில் 2006-இல் கொல்லப்பட்ட பொதுமக்கள் மட்டும் 34,452 பேர் என்று ஐ.நா. உதவிக் குழு கணக்கிட்டது. நியாயமான எந்த வரையறைப்படி பார்த்தாலும் இது உள்நாட்டுப் போர்தான் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபியரன் அந்தச் செப்டம்பரிலேயே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொன்னார்.

மறுத்தவர்களிடமும் ஒரு வாதம் இருந்தது. இரண்டு படைகள் எதிரெதிரே நிற்கவில்லை, போர்முனை என்று கோடு கிழிக்க முடியவில்லை, அமெரிக்காவில் 1861-இல் பிரிந்துபோன மாநிலங்கள் ரிச்மண்டில் அமைத்ததுபோலப் போட்டி அரசு இல்லை. உண்மைதான். ஆனால் போர்முனை நகரத் தெருக்களுக்குள்ளேயே வந்துவிட்டதற்கு என்ன பெயர் சொல்வது? பாக்தாதில் உமர் என்று பெயர் இருந்தால் அவர் சன்னி என்று உடனே தெரிந்துவிடும். ஷியா ஆயுதக் குழுவின் சோதனைச் சாவடியில் அந்தப் பெயருள்ள அடையாள அட்டையை நீட்டுவது சாவுக்குச் சமம். அதனால் வேறு பெயரில் போலி அட்டை எடுத்துக்கொண்டார்கள். சன்னி பகுதிக்கு ஒன்று, ஷியா பகுதிக்கு ஒன்று என்று இரண்டு அட்டைகளோடு நடமாடியவர்கள் உண்டு. நிற்கச் சொல்பவன் போலீஸ் சீருடையில் இருந்தாலும் எந்த அட்டையை எடுப்பது என்பது தெளிவாகாது. அந்தச் சீருடைக்குள்ளேயே ஆயுதக் குழுவினர் நுழைந்திருந்தார்கள். "அரசு ஒரு தரப்பு" என்ற நிபந்தனை அங்கே சிக்கலானது இதனால்தான்.

இன்னொன்று. 2007 ஏப்ரலில் பாக்தாதின் அதமியா பகுதியைச் சுற்றி, சன்னிகளையும் ஷியாக்களையும் பிரிக்க, 12 அடி உயரத்தில் சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். கட்டியது அமெரிக்க ராணுவம்.

கேள்வி: ஒரு தொலைக்காட்சி நிறுவனம் "இனி உள்நாட்டுப் போர் என்றே சொல்வோம்" என்று அறிவித்ததாமே! போருக்குப் பெயர் வைப்பது பத்திரிகைகளின் வேலையா?
– வாசகர் ஒருவர்

பதில்: 2006 நவம்பர் 23 அன்று பாக்தாதின் சதர் சிட்டியில் அடுத்தடுத்து வெடித்த கார் குண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து என்.பி.சி. அந்த அறிவிப்பை வெளியிட்டது. வெள்ளை மாளிகை ஆட்சேபித்தது. லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் அதற்கு முன்பே அந்தச் சொல்லைப் பயன்படுத்திவந்தது. ஆனால் அது ஆரவாரம் இல்லாமல் நடந்ததால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பெயர் வைப்பது எங்கள் வேலையா என்று கேட்டால், வைக்காமல் இருப்பதும் ஒரு தீர்ப்புதான். "வன்முறை" என்று எழுதினால் யார் செய்தார்கள் என்று எழுத வேண்டியதில்லை. என் அலுவலகத்தில் கடைசிவரை "கலவரம்" என்றே தலைப்பு வந்தது. கொள்கை எதுவும் இல்லை. ஒற்றைப் பத்தி அகலத் தலைப்பில் "உள்நாட்டுப் போர்" அடங்கவில்லை, அவ்வளவுதான். எந்த நாளிதழ் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த விவாதத்தில் நான் படித்ததிலேயே ஒழுங்கான வாக்கியத்தை எழுதியவர்கள் அமெரிக்க உளவு அமைப்புகள் என்பது வேடிக்கை. 2007 பிப்ரவரியில் வெளியான மதிப்பீட்டில், ஈராக் மோதலின் முக்கியமான கூறுகளை "உள்நாட்டுப் போர்" என்ற சொல் சரியாகவே குறிக்கிறது, ஆனால் அதன் சிக்கல் முழுவதையும் அது பிடிக்கவில்லை என்றார்கள். ஷியா குழுக்களுக்குள்ளேயே சண்டை, அல்-காய்தா, பணத்துக்காக ஆட்களைக் கடத்தும் கும்பல் எல்லாம் அதில் கலந்திருந்தன. புதிய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அந்தச் சொல் விஷயத்தை மிகையாகச் சுருக்குகிறது என்றார். ஈராக்கில் நடப்பது நான்கு போர்கள் என்று விளக்கமும் கொடுத்தார். ஒன்றை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் நான்கை ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கேள்வி: அரசு மறுத்துவிட்டால் போர்ச் சட்டங்கள் பொருந்தாதா?
– சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர்

பதில்: பொருந்தும். 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாவது பிரிவு, நாட்டுக்குள் நடக்கும் ஆயுத மோதலுக்கென்றே எழுதப்பட்டது. "உள்நாட்டுப் போர்" என்ற சொல்லையே அது தவிர்க்கிறது. களத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு. அரசின் ஒப்புதல் தேவையில்லை. 2012 ஜூலையில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் சிரியாவில் நடப்பதை அப்படித்தான் வகைப்படுத்தியது. சிரிய அரசு அதுவரை சொல்லிவந்தது "ஆயுதக் கும்பல்கள், பயங்கரவாதிகள்" என்பதை.

நீங்கள் சட்ட மாணவர் என்பதால் ஒரு வழக்கைச் சொல்கிறேன், தேடிப் படியுங்கள். 1975-இல் பெய்ரூட்டில் ஆயுதக் குழுக்கள் உயரமான ஹோட்டல்களைக் கைப்பற்றிக்கொண்டு ஒன்றையொன்று சுட்டன. புதிதாகத் திறந்திருந்த ஹாலிடே இன் சின்னாபின்னமானது. நஷ்டஈடு கேட்டபோது காப்பீட்டு நிறுவனம், பாலிசியில் உள்நாட்டுப் போருக்கு விலக்கு இருக்கிறது, தரமுடியாது என்றது. வழக்கு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 1983-இல் தீர்ப்பு ஹோட்டலுக்குச் சாதகமாக வந்தது. உலகமே லெபனான் உள்நாட்டுப் போர் என்று அழைப்பதன் முதல் ஆண்டுச் சேதம், அந்தப் பாலிசியைப் பொறுத்தவரை உள்நாட்டுப் போரால் விளைந்ததாக நிரூபிக்கப்படவில்லை! அரசியல்வாதிகள் ஆண்டுக்கணக்கில் பேசியதைவிட, பணம் கொடுக்க வேண்டியவர்களின் வக்கீல்கள் இந்தச் சொல்லை நுணுக்கமாக அலசியிருக்கிறார்கள்.

கேள்வி: ஈராக்கை விடுங்கள். இலங்கையில் நடந்ததை "உள்நாட்டுப் போர்" என்று எழுதும்போது எங்களுக்கு வலிக்கிறதே?
– புலம்பெயர் வாசகர் ஒருவர்

பதில்: வலி நியாயமானது. 2009-இல் கொழும்பு அதை "மனிதாபிமான நடவடிக்கை" என்றது. அதை எதிர்த்து "போர்" என்று எழுதியதே அன்று ஒரு நிலைப்பாடு. உங்கள் மனக்குறை வேறு: இரு சமமான தரப்புகள் மோதியதைப் போன்ற தோற்றத்தை அந்தச் சொல் தருகிறது, கொல்லப்பட்ட மக்கள் அதில் காணாமல் போகிறார்கள் என்பது. போர் என்று சொல்வதால் அதற்குள் நடந்த குற்றங்களுக்கு விலக்கு கிடைத்துவிடாது. போர்க்குற்றம் என்ற குற்றச்சாட்டை எழுப்பவே அங்கே நடந்தது ஆயுத மோதல் என்று முதலில் நிறுவியாக வேண்டும். அதனால் அந்தச் சொல்லை நான் கைவிடமாட்டேன். அதோடு நிறுத்திக்கொள்ளவும் மாட்டேன்.

கேள்வி: அமெரிக்கர்கள் தங்கள் சொந்தப் போருக்கு மட்டும் தயங்காமல் பெயர் வைத்தார்களா?
– வாசகர் ஒருவர்

பதில்: லிங்கன் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் "மாபெரும் உள்நாட்டுப் போர்" என்று வாய்விட்டே சொன்னார். அவருக்குப் பின் வந்த அரசுதான் தயங்கியது. போர்த் துறை 1880 முதல் வெளியிட்ட 128 நூல்களின் ஆவணத் தொகுப்புக்குத் தலைப்பு "கலகப் போர்".

கேள்வி: பெயரை மறுப்பதில் உலக சாதனை யாருக்கு?
– குறும்புக்கார வாசகர்

பதில்: என் ஓட்டு பிரான்ஸுக்கு. 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவில் லட்சக்கணக்கான படைவீரர்களை இறக்கிச் சண்டையிட்டுவிட்டு, அரசு ஏடுகளில் "வட ஆப்பிரிக்காவில் ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கைகள்" என்று எழுதிவந்தார்கள். பேச்சுவழக்கில் "நிகழ்வுகள்". "அல்ஜீரியப் போர்" என்று சட்டத்தில் எழுத பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது 1999-இல். அதற்குள் அங்கே சண்டையிட்ட இளைஞர்கள் ஓய்வூதிய வயதை எட்டியிருந்தார்கள்.